ஒரு மறுப்புக் கடிதமும் ஒரு தலைமை நீதிபதியும்

1801 ஜனவரி மூன்றாம் வாரம். அமெரிக்காவின் புதிய தலைநகரான வாஷிங்டனில் அதிபர் மாளிகையின் கட்டுமான வேலைகள்கூட முடிந்திருக்கவில்லை. தேர்தலில் தோற்று, ஆறே வாரங்களில் பதவியை விட்டு இறங்கவிருந்த அதிபர் ஜான் ஆடம்ஸின் அறைக்குள் அவருடைய வெளியுறவுச் செயலர் ஒரு கடிதத்தோடு நுழைந்தார். நியூயார்க் மாநில ஆளுநர் ஜான் ஜே அல்பனி நகரிலிருந்து எழுதிய கடிதம் அது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஜேயின் பெயரை ஆடம்ஸ் முன்மொழிந்து, செனட் அவையும் ஒப்புதல் அளித்துவிட்டிருந்தது. ஜேயின் சம்மதத்தை மட்டும் எவரும் கேட்டிருக்கவில்லை. அவர் மறுத்துவிட்டார். நாட்டின் முதல் தலைமை நீதிபதியாக 1789 முதல் 1795 வரை அதே நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர் அவர். அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, மதிப்பும் இல்லை, அவை வந்து சேரும் என்ற நம்பிக்கையும் தனக்கு இல்லை என்பதே கடிதத்தின் சாரம்.

இனி யாரை நியமிப்பது என்று ஆடம்ஸ் கேட்டார். ஏற்கெனவே நீதிபதியாக இருந்த வில்லியம் பேட்டர்சனை முன்பே பரிந்துரைத்து, அதிபர் அதை ஏற்காததையும் கண்டிருந்த செயலரிடம் வேறு பெயர் இல்லை. சற்று யோசித்த ஆடம்ஸ், எதிரே நின்றவரையே முன்மொழியப்போவதாகச் சொன்னார். செயலர் வியப்போடு தலை வணங்கினார். மறுநாளே என்று சொல்லுமளவு விரைவில் அவருடைய பெயர் செனட்டுக்குப் போனது.

அந்தச் செயலர் ஜான் மார்ஷல். அறைக்குள் நடந்ததை நமக்குச் சொல்வதும் அவர்தான். 1827-இல் சக நீதிபதி ஜோசப் ஸ்டோரிக்கு எழுதிய தன்வரலாற்றுக் கடிதத்தில் இதை அவர் நினைவுகூர்ந்தார். நினைவிலிருந்து எழுதப்பட்ட ஒருவர் சாட்சியம் என்பதை மறக்காமலேயே அதை நாம் வாசிக்க வேண்டும். ஆனால், மார்ஷலின் வாழ்க்கையில் திருப்பங்கள் பெரும்பாலும் கடிதங்களின் வழியே வந்தன என்பதில் ஐயமில்லை. வந்த கடிதங்கள், எழுதிய கடிதங்கள், எல்லாவற்றையும்விட முக்கியமாக, கொண்டுசேர்க்கப்படாத கடிதங்கள்.

வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில், மரக்கட்டைகளால் ஆன ஒரு சிறு வீட்டில், 1755 செப்டம்பர் 24 அன்று பிறந்தவர் மார்ஷல். பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர். தந்தை தாமஸ் மார்ஷல் நில அளவையாளர். ஜார்ஜ் வாஷிங்டனின் நண்பர். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் சேர்ந்து, 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் பசியையும் பனியையும் அனுபவித்தார். மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் பங்கைத் தர மறுத்ததால் ஒரு படை எப்படிப் பட்டினி கிடக்கும் என்பதை இருபத்திரண்டு வயதில் நேரில் கண்டவர், பின்னாளில் மைய அரசின் அதிகாரத்தை அவ்வளவு உறுதியாகத் தாங்கிப் பிடித்ததில் வியப்பில்லை.

சட்டம் படித்ததும் சொற்பமே. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்ற பேராசிரியரின் விரிவுரைகளைச் சில வாரங்கள் கேட்டார், வழக்குரைஞர் ஆனார். அவருடைய உரிமச் சான்றில் கையொப்பமிட்டவர் அன்றைய வர்ஜீனிய ஆளுநர் தாமஸ் ஜெஃபர்சன். இருவரும் தாய்வழியில் உறவினர்கள். 1783-இல் மார்ஷல் மணந்த பாலியின் தாயார், இளமையில் ஜெஃபர்சன் விரும்பியும் கைகூடாமல்போன பெண். இந்த இருவரின் பகைக்குக் குடும்பக் கதைகளில் வேர் தேடுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரசியலே போதுமான காரணமாக இருந்தது.

அந்நாளைய உச்ச நீதிமன்றத்தின் நிலையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1789-இல் வாஷிங்டன் அதிபரானவுடன் பதவி கேட்கும் கடிதங்கள் குவிந்தன. விடுதலைப் பிரகடனத்திலும் அரசமைப்புச் சட்டத்திலும் கையொப்பமிட்ட ஜேம்ஸ் வில்சன், தலைமை நீதிபதிப் பதவியைத் தனக்குத் தருமாறு வாஷிங்டனுக்கு வெளிப்படையாகவே எழுதினார். யாருக்கும் வாக்குறுதி தருவதில்லை என்று பணிவாகப் பதில் எழுதிய வாஷிங்டன், ஜேயைத் தலைமை நீதிபதியாக்கி, வில்சனை மற்ற நீதிபதிகளில் ஒருவராக அமர்த்தினார். ஜே விலகியதும் தென் கரோலினாவின் ஜான் ரட்லெட்ஜ் தானே கடிதம் எழுதிப் பதவியைக் கேட்டுப் பெற்றார். ஆனால், செனட் அவரை நிராகரித்தது. அடுத்து ஒப்புதல் பெற்ற வில்லியம் குஷிங் உடல்நிலையைக் காரணம் காட்டி ஏற்கவில்லை. பிறகு வந்த ஆலிவர் எல்ஸ்வொர்த் தூதராகப் பிரான்ஸுக்குச் சென்று, அங்கிருந்தே விலகல் கடிதம் அனுப்பினார். வில்சனின் முடிவு இன்னும் துயரமானது. நில வணிகத்தில் பெருங்கடன் பட்டு, பதவியில் இருக்கும்போதே கடனாளிகள் சிறையைக் கண்டு, கடன் கொடுத்தவர்களுக்கு அஞ்சி ஓடி, 1798 ஆகஸ்டில் வட கரோலினாவின் ஈடன்டனில் ஒரு விடுதியில் இறந்துபோனார். ஆண்டு முழுவதும் கரடுமுரடான சாலைகளில் குதிரையிலும் வண்டியிலும் அலைந்து சுற்று நீதிமன்றங்களை நடத்த வேண்டிய வேலை அது. மதிப்புள்ளவர்கள் மறுத்ததும், கேட்டு வாங்கியவர்கள் நிலைக்காததும் இயல்பே.

வில்சன் இறந்த இடத்தை ஆடம்ஸ் முதலில் மார்ஷலுக்குத்தான் அளித்தார். அவர் மறுத்தார். அது அவருக்குப் பழக்கமான செயல். வாஷிங்டன் அரசில் வர்ஜீனிய மாவட்ட அரசு வழக்குரைஞர் பதவி, அரசுத் தலைமை வழக்குரைஞர் பதவி, பிரான்ஸ் தூதர் பதவி என மூன்றையும் அடுத்தடுத்து மறுத்தவர் அவர். ரிச்மண்ட் நகரில் வருமானம் தரும் வழக்குரைஞர் தொழில், நோயுற்ற மனைவி, நில வாங்கலில் ஏற்பட்ட கடன் ஆகியவை அவரைப் பிடித்து வைத்திருந்தன. 1797-இல் பிரான்ஸுக்கு மூவர் தூதுக்குழுவில் செல்ல இசைந்தார். பேச்சுவார்த்தை தொடங்கவே பிரெஞ்சு அமைச்சர் தாலிரானின் ஆட்கள் கையூட்டு கேட்டார்கள். அதை விவரித்துத் தூதர்கள் அனுப்பிய அறிக்கைக் கடிதங்களை ஆடம்ஸ் வெளியிட்டார். இடைத்தரகர்களின் பெயர்களுக்குப் பதிலாக எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகள் இடப்பட்டிருந்தன. தாயகம் திரும்பிய மார்ஷலை நாடு கொண்டாடியது. பின்னர், வாஷிங்டனின் வற்புறுத்தலால் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு வென்றார்; 1800-இல் வெளியுறவுச் செயலர் ஆனார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி தோற்றது. ஆனால், வென்ற கட்சியைச் சேர்ந்த ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் சம வாக்குகள் பெற்றதால், இருவரில் யார் அதிபர் என்பதைப் பிரதிநிதிகள் அவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஜெஃபர்சனை ஆதரிக்குமாறு அலெக்சாண்டர் ஹாமில்டன் மார்ஷலுக்குக் கடிதம் எழுதினார். 1801 ஜனவரி முதல் நாள் மார்ஷல் எழுதிய பதில் அவர் மனத்தைத் திறந்துகாட்டுகிறது. ஜெஃபர்சன்மீது தனக்குத் தீர்க்க முடியாத ஆட்சேபங்கள் உண்டு. அவர் அதிபர் பதவியின் வலுவைக் குறைத்துத் தன் சொந்தச் செல்வாக்கைப் பெருக்கிக்கொள்வார். பர் இன்னும் மோசமானவராகத் தெரிகிறார். எனினும் தன்னால் ஜெஃபர்சனுக்குத் துணைநிற்க இயலாது. இதை எழுதி மூன்று வாரம் கழிவதற்குள் அவர் தலைமை நீதிபதியாக முன்மொழியப்பட்டார். பேட்டர்சனை எதிர்பார்த்திருந்த சொந்தக் கட்சி செனட்டர்களே ஒரு வாரம் இழுத்தடித்து, ஜனவரி 27 அன்று ஒப்புதல் தந்தார்கள்.

பிப்ரவரி 4 அன்று பதவியேற்ற மார்ஷல், ஆடம்ஸின் கோரிக்கைப்படி வெளியுறவுச் செயலராகவும் நீடித்தார். ஒரே மனிதர் ஒரே நேரத்தில் நிர்வாகத்தின் உயர் அலுவலர், நீதித் துறையின் தலைவர்! இன்று எந்தக் குடியாட்சியிலும் இதை நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த நான்கு வாரங்களில் தோற்ற கட்சி நீதித் துறைக்குள் புகலிடம் தேடியது. பதினாறு புதிய சுற்று நீதிபதிப் பதவிகளை உருவாக்கும் சட்டம் பிப்ரவரி 13 அன்று நிறைவேறியது. தலைநகர் வட்டாரத்துக்கு 42 உள்ளூர் நடுவர்களை ஆடம்ஸ் கடைசி நாள்களில் முன்மொழிய, மார்ச் 3 அன்று செனட் ஒப்புதல் அளித்தது. நியமன ஆணைகளில் அதிபர் கையொப்பமிட்டார். அரசு முத்திரையைப் பதிப்பது செயலரான மார்ஷலின் கடமை. முத்திரையும் பதிந்தது. உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் மீதி. மார்ஷலின் தம்பி ஜேம்ஸ் ஒரு கட்டு ஆணைகளை எடுத்துச் சென்று, எல்லாவற்றையும் சுமக்க முடியாமல் சிலவற்றை அலுவலகத்திலேயே திருப்பி வைத்துவிட்டார். பொழுது விடிந்தபோது அவை மேசைமீது கிடந்தன.

அன்று, மார்ச் 4, காலையில் மார்ஷல் தென் கரோலினாவிலிருந்த நண்பர் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். புதிதாக ஆட்சிக்கு வருவோரில் ஒரு சாரார் வெறும் கற்பனைக் கோட்பாட்டாளர்கள், மற்றவர்கள் முழுமையான பயங்கரவாதிகள் என்று பிரித்து, ஜெஃபர்சனை இரண்டாம் வகையில் சேர்க்கத் தனக்கு விருப்பமில்லை என்று எழுதினார். பாதியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து சென்று, அதே ஜெஃபர்சனுக்கு அதிபராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்து கடிதத்தைத் தொடர்ந்தார். அதிபரின் உரை பொதுவில் நன்கு யோசிக்கப்பட்டது, இணக்கமானது என்று மனம்விட்டு ஒப்புக்கொண்டார். ஒரே தாளில் காலைப் பகையும் மாலை நியாயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மார்ஷலைப் புரிந்துகொள்ள அவருடைய பெரிய தீர்ப்புகளைவிட இந்தக் கடிதம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மேசைமீது கிடந்த ஆணைகளைக் கொடுக்க வேண்டாமென்று ஜெஃபர்சன் தடுத்துவிட்டார். ஆடம்ஸின் கடைசி நேர நியமனங்கள் அவரை எவ்வளவு புண்படுத்தின என்பது 1804-இல் ஆடம்ஸின் மனைவி அபிகேய்லுக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது: ஆடம்ஸின் செயல்களில் தனிப்பட்ட முறையில் தன் மனம் நோகச் செய்தது அது ஒன்றே என்கிறார். மார்ஷலோ மார்ச் 18 அன்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில், கையொப்பமும் முத்திரையும் விழுந்த பிறகு கொண்டுசேர்ப்பது வெறும் சடங்கு என்று தான் கருதியதாகவும், வேலை நெருக்கடியும் ஆள் குறைவும் இல்லாதிருந்தால் அனுப்பியிருப்பேன் என்றும் வருந்தினார். பின்னாளில் தீர்ப்பாக வரவிருந்த கருத்து, தன் தவறுக்கான விளக்கமாக ஏற்கெனவே இங்கே எழுதப்பட்டுவிட்டது.

ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரியும் மேலும் மூவரும் 1801 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகினார்கள். புதிய வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மேடிசன் ஆணைகளைத் தர வேண்டும் எனச் செயலுறுத்தும் நீதிப்பேராணை கேட்டார்கள். ஆளுங்கட்சி கொதித்தது. புதிய சுற்று நீதிமன்றங்களை ஒழித்தது. உச்ச நீதிமன்றத்தின் அமர்வுகளையும் மாற்றி, 1803 பிப்ரவரி வரை அது கூடவே முடியாதபடி செய்தது. சுற்றுப் பயணப் பணி மீண்டும் நீதிபதிகளின் தலையில் விழுந்தது. அதை மறுப்பதா, ஏற்பதா? மார்ஷல் சக நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். மறுக்க வேண்டும் என்றார் சாமுவேல் சேஸ். மற்றவர்கள் போகலாம் என்றார்கள். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு, மார்ஷல் வாய் திறக்காமல் சுற்றுக்குப் புறப்பட்டார். நீதிமன்றம் அன்று மோதியிருந்தால் அழிந்திருக்கும்.

மார்பரி வழக்கில் பிரமாண வாக்குமூலம் தந்தவர்களில் ஒருவர் தலைமை நீதிபதியின் தம்பி. ஆணைகள் முத்திரையிடப்பட்டனவா, அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதை எவரையும்விட நன்கறிந்தவர் விசாரிக்கும் இருக்கையில் அமர்ந்திருந்தார். இன்றைய அளவுகோலில் மார்ஷல் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும். அன்றைய அளவுகோலிலும் விலகியிருக்கலாம். சேஸின் உடல்நலக் குறைவால் நீதிபதிகள் தங்கியிருந்த விடுதியிலேயே நீதிமன்றம் கூட, 1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு. உரிமை பறிபோனால் சட்டத்தில் தீர்வும் உண்டு. அதிபரின் அமைச்சரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால், இந்த ஆணையை நேரடியாகப் பிறப்பிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குத் தந்த 1789-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, அரசமைப்புச் சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டுகிறது. எனவே அது செல்லாது. மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. ஜெஃபர்சனுக்கு மீறுவதற்கு ஓர் ஆணையும் கிடைக்கவில்லை. நாடாளுமன்றச் சட்டத்தைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் மட்டும் நீதிமன்றத்திடம் தங்கிவிட்டது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆவது கூறு வெளிப்படையாக எழுதிவைத்திருப்பதை, அப்படி ஒரு வரி இல்லாத அரசமைப்பிலிருந்து மார்ஷல் வாதத்தால் வருவித்தார்.

அவர் துணிச்சல்காரர் என்ற சித்திரம் முழுமையானதல்ல. பிரதிநிதிகள் அவை சேஸ்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தபோது, அடுத்த இலக்கு மார்ஷலே எனப் பலரும் நினைத்தார்கள். அப்போது அவர் சேஸுக்கு எழுதிய கடிதத்தில், தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை நீக்குவதைவிட, அந்தத் தீர்ப்பை மாற்றும் மேல்முறையீட்டு அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே தந்துவிடுவது மேல் என்ற பொருளில் எழுதினார். மார்பரி தீர்ப்பின் ஆசிரியர் எழுதியது இது! 1805 மார்ச் முதல் நாள் செனட் சேஸை விடுவித்ததால், அந்த யோசனையை அவர் பொதுவில் சொல்ல நேரவில்லை. 1807-இல் ரிச்மண்டில் ஆரன் பர்மீதான தேசத்துரோக வழக்கை விசாரித்தபோது, குற்றம்சாட்டப்பட்டவர் கேட்ட ஒரு கடிதத்துக்காக அதிபர் ஜெஃபர்சனுக்கே அழைப்பாணை அனுப்பினார். அதே மார்ஷல், அவ்வழக்கின் வேளையில், பர் விருந்தினராக இருந்த ஒரு விருந்தில் போய் உண்டதும் நடந்தது. அஞ்சியவரும் அசட்டையாக இருந்தவரும் அவருக்குள் இருந்தார்கள்.

1810-இல் நீதிபதி குஷிங் இறந்தபோது, மார்ஷலின் பிடியை உடைக்கும் வாய்ப்பு வந்ததாக ஓய்வில் இருந்த ஜெஃபர்சன் மகிழ்ந்தார். அதிபராகியிருந்த மேடிசனுக்குக் கடிதம் எழுதி, ஜோசப் ஸ்டோரி வேண்டாம், அவர் நம்பத்தக்க கட்சிக்காரர் அல்லர், வயதும் போதாது என எச்சரித்தார். மேடிசன் வேறு மூவரை முயன்றார்; இருவர் மறுத்தார்கள், ஒருவரைச் செனட் நிராகரித்தது. கடைசியில், 32 வயது ஸ்டோரியே நியமிக்கப்பட்டார். ஜெஃபர்சனின் கணிப்பு துல்லியமாகப் பலித்தது: ஸ்டோரி மார்ஷலின் வலக்கரம் ஆனார். நீதிபதிகள் வாஷிங்டனில் ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாக உண்டு, மது அருந்தியபடி வழக்குகளைப் பேசினார்கள். அந்த மேசையில் மார்ஷலின் கலகலப்பான சுபாவத்துக்கு முன் கட்சிக் கோடுகள் கரைந்தன. நீதிபதிகள் தனித்தனியே தீர்ப்பு எழுத வேண்டும் என்று தான் நியமித்த வில்லியம் ஜான்சனுக்கு ஜெஃபர்சன் மீண்டும் மீண்டும் எழுதியும் பெரிய பலனில்லை.

1819-இல் மத்திய வங்கி தொடர்பான மெக்கலக் வழக்கின் தீர்ப்பை வர்ஜீனிய நீதிபதிகள் புனைபெயர்களில் நாளிதழ்களில் தாக்கியபோது, தலைமை நீதிபதியும் புனைபெயரில் பதில் கட்டுரைகள் எழுதினார். கருத்துப் பக்கங்களில் எழுதுவோருக்குப் பெருமையா சங்கடமா தெரியவில்லை.

மறைக்கக் கூடாத ஒன்று. மார்ஷல் தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உரிமையாளராக இருந்தார், வாங்கினார், விற்றார். 1813-இல் மைமா குவீன் என்ற அடிமைப் பெண், தன் மூதாதை சுதந்திரமானவர் என்று முன்னோர் சொல்லக் கேட்டவர்களின் சாட்சியத்தைக் கொண்டு விடுதலை கோரினார். செவிவழிச் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்று மார்ஷல் தள்ளுபடி செய்தார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் எழுத்துச் சான்றுக்கு எங்கே போவார்கள்? மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி கேப்ரியல் டுவால்.

முதுமை தனிமையைக் கொண்டுவந்தது. 1831 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்து ஏராளமான கற்களை, மயக்க மருந்து அறியப்படாத அந்தக் காலத்தில், அறுவை செய்து எடுத்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பாலி இறந்தார். ஓய்வு பெற விரும்பினாலும், தன் இடத்துக்கு அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் யாரைக் கொண்டுவருவாரோ என்ற அச்சம் அவரைத் தடுத்தது.

1835 ஜனவரியில் டுவால் விலகினார். ஜாக்சன் அந்த இடத்துக்கு முன்மொழிந்தவர் ரோஜர் டானி. மார்ஷல் தன் தீர்ப்பால் காத்த அதே மத்திய வங்கியிலிருந்து அரசின் பணத்தை வெளியே எடுத்தவர். செனட்டில் எதிர்ப்பு மூண்டது. அப்போது மார்ஷல், எதிரணியைச் சேர்ந்த வர்ஜீனிய செனட்டர் பெஞ்சமின் வாட்கின்ஸ் லீக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். டானிக்கு ஆதரவான சில செய்திகள் கிடைத்திருப்பதாகவும், அவற்றை அவருக்குத் தெரிவிக்க விரும்புவதாகவும் அதில் சொன்னார். கட்சியைப் பாராமல் தகுதியைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்பு. செனட் அசையவில்லை, மார்ச் 3 அன்று முன்மொழிவைக் காலவரையின்றி ஒத்திவைத்தது.

ஜூலை 6 அன்று, ஃபிலடெல்ஃபியாவில், மார்ஷல் இறந்தார். 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்திருந்தார். ஜாக்சன் அந்த இடத்துக்கும் டானியையே முன்மொழிந்தார். 1836 மார்ச்சில், உறுப்பினர்கள் மாறியிருந்த செனட் ஒப்புக்கொண்டது. மார்பரி தீர்ப்புக்குப் பின் அரை நூற்றாண்டாக நாடாளுமன்றத்தின் முக்கியமான எந்தச் சட்டத்தின்மீதும் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. 1857 மார்ச்சில், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கோரிய வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்றும், குறிப்பிட்ட நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடைசெய்த 1820-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் தலைமை நீதிபதி டானி தீர்ப்பை வாசித்தார்.